மாநில அளவில் இயங்கலை வகுப்பு: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்படி அமைய வேண்டும்?

லயத்துப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். 2007இல் ஊர்ப்பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. ஆனாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுகிறோம். சிலாங்கூரில் உள்ள அரசு இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு, அதிலும் படிவம் 4, 5 (16, 17 வயது) பிள்ளைகளுக்கு, மாநில அளவில் ஓர் இயங்கலை (ஆன்லைன்) வகுப்புத் திட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. மனு சனிக்கிழமை போகிறது. அதற்குள் உங்கள் கருத்தைக் கேட்டு, சேர்க்க வேண்டியதைச் சேர்க்கலாம் என்றுதான் இந்த இழை.

எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் செவ்வாய், வியாழன் இரவுகளில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைக்கிறேன். இப்போது 11 பேர் வருகிறார்கள். மூன்று பேருக்குக் கூடுதல் கணிதம் வேண்டும், நான்கு பேருக்கு இயற்பியல். இரண்டு பேர் எஸ்.பி.எம்.மில் (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வில்) தமிழ் இலக்கியம் எடுக்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் செம்பனை ஆலையில் கணக்கு எழுதுகிறேன். படிவம் 3 பாடம் வரை சொல்லிக்கொடுப்பேன். அதற்கு மேல் கேட்டால் நானும் அவர்களோடு சேர்ந்து புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.

இரண்டு பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி இலக்கிய ஆசிரியரை ஒதுக்க முடியாது. அது புரிகிறது. ஆனால் ஈஜோக்கில் இரண்டு பேர் இருப்பார்கள், தஞ்சோங் காராங்கில் மூன்று பேர், பந்திங்கில் ஐந்து பேர். எல்லாரையும் ஒரே நேரத்தில் ஓர் ஆசிரியர் முன்னால் உட்கார வைத்தால் முழு வகுப்பு ஆகிவிடும். இதை ஒரு பள்ளி தனியாகச் செய்ய முடியாது. மாநிலம் கைவைத்தால்தான் நடக்கும்.

எனக்கு ஒரே ஒரு பயம். இயங்கலை என்றதும் காணொளிகளை ஏற்றி, நாடா வெட்டி, பிள்ளைகள் கையில் ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, திட்டம் தொடங்கியாகிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று. அப்படி ஆகாமல் இருக்க மனுவில் என்ன எழுத வேண்டும்?

---

லாரி_அப்பா | ஞாயிறு, இரவு 10.40

தங்கச்சி, நல்ல காரியம். எனக்குப் படிப்பைப் பற்றித் தெரியாது, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது என் பெரிய மகள் படிவம் 2. வீட்டில் ஒரே கைப்பேசி, அது என்னுடையது. நான் ஓட்டியது சாப்பாட்டுச் சாமான் லாரி, அதனால் அப்போதும் வேலை நிற்கவில்லை. காலையில் கைப்பேசி என்னோடு போய்விடும். இரவு எட்டுக்கு வந்து அவளிடம் கொடுப்பேன்.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் சமையற்கட்டு ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் இரண்டு கோடு வரும். ஒரு பெரிய மைலோ டின், அதற்கு மேல் அரிசி அளக்கிற டப்பா, அதில் கைப்பேசியைச் சாய்த்து வைப்பாள். கொஞ்சம் அசைத்தாலும் லைன் போய்விடும், அதனால் அதைத் தொடவே மாட்டாள். நின்றுகொண்டே ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து எழுதுவாள். காலடியில் கொசுவர்த்தி எரியும். நான் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் திரும்பிப் பார்த்து, "அப்பா, டீச்சர் என் பேரைச் சொல்லிக் கேள்வி கேட்டிருக்காங்க" என்றாள். சரி, பதில் சொல்லும்மா என்றேன். "இல்லப்பா, அது காலையில ஒன்பது மணிக்குக் கேட்டது" என்றாள். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. பள்ளி மூடியிருந்த நாளெல்லாம் என் பிள்ளை எல்லாருக்கும் பன்னிரண்டு மணி நேரம் பிந்தித்தான் வகுப்பில் இருந்திருக்கிறாள்.

இப்போது சின்னவள் படிவம் 4. அதனால் நான் கேட்பது ஒன்றுதான். வகுப்பு இரவு எட்டரைக்கு மேல் இருக்கட்டும். அப்புறம், அதைப் பார்க்கிற கருவி மண்டபத்தில் இருக்கட்டும்.

---

சிக்கு_தமிழ் | திங்கள், மாலை 4.05

நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். லாரி அண்ணன் எழுதியதைப் படித்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகக் கண்ணில் வந்து போனார்கள். அவர் வீடு மட்டும் அப்படி இல்லை. 2020 ஏப்ரலில் கல்வி அமைச்சு வெளியிட்ட கணக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏறத்தாழ 9 லட்சம் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டதில் 36.9 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் இல்லை. திறன்பேசி இருந்தவர்கள் 46 விழுக்காடு. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடுதான். பிறகு 2021இல் செர்டிக் திட்டத்தின் வழி 1,50,000 கருவிகள் கொடுப்பதாக அறிவித்தார்கள். அது நல்ல தொடக்கம். ஆனாலும் கையில் கருவி வந்த எல்லாப் பிள்ளையும் வகுப்புக்கு வந்ததாக என்னால் சொல்ல முடியாது.

தமிழுக்கு வருகிறேன். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும். பதினைந்து பேர் இருந்தும் தடுமாறும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். காரணம் பஸ். நான் முன்பு இருந்த பள்ளியில் தமிழ் வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே, பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு. தோட்டத்துப் பஸ் கிளம்புவது ஒன்று ஐம்பதுக்கு. பஸ்காரர் மூன்று முறை ஹாரன் அடிப்பார். மூன்றாவது ஹாரனுக்கு என் வகுப்பில் பாதி காலி. ஓடுகிற பிள்ளையைத் திட்ட முடியுமா? அந்தப் பஸ்ஸை விட்டால் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்துவதாக 2009இல் அறிவித்தபோது நம் சமூகம் குரல் கொடுத்துத்தான் 'பத்து கூட்டல் இரண்டு' என்று தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் காப்பாற்றியது. அப்படிப் போராடி வாங்கிய இலக்கியப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க பல ஊர்களில் ஆள் இல்லை. வார இறுதியில் தொண்டூழியமாக நடத்துகிற ஆசிரியர்களால்தான் அது உயிரோடு இருக்கிறது. அவர்களும் பெரும்பாலும் பட்டணத்தில் இருக்கிறார்கள். லயத்துப்பிள்ளை சொல்கிற திட்டம் இந்த ஒரு பாடத்துக்காகவே வந்தாலும் போதும் என்பேன்.

காணொளி பயம் நியாயமானது. பள்ளிகளுக்கு ஃபுரோக் என்ற மெய்நிகர்க் கற்றல் தளத்தைக் கொண்டுவந்தார்கள், நினைவிருக்கிறதா? ஆசிரியர், மாணவர், பெற்றோர் பயன்பாடு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரைதான் என்று 2013ஆம் ஆண்டுத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019இல் அது நின்றது. இப்போது இருக்கும் டெலிமா 2020 ஜூனில் வந்தது. பிள்ளைகள் எல்லாருக்கும் அதில் கணக்கு இருக்கிறது. ஆகவே இன்னொரு தளம் கட்டச் சொல்லி மனுவில் எழுதாதீர்கள். இருக்கிற கணக்கிலேயே நுழையட்டும். நமக்கு வேண்டியது கால அட்டவணையும், பெயர்ப் பட்டியலும், பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிற ஆசிரியரும்.

---

பழைய_தோட்டம் | திங்கள், இரவு 8.20

எல்லாரும் சந்தோஷமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். வயதானவன் என்று ஒதுக்காமல் கேளுங்கள்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் நல்ல சட்டம். பல இடத்தில் பள்ளி என்பது லயத்தில் ஒரு காலி அறை, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் (எழுத்தர்) வாத்தியார். ஏட்டில் பள்ளி இருந்தது. என் அப்பா அதில்தான் மூன்று வருஷம் படித்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தது, அவ்வளவுதான்.

1972இல் தொலைக்காட்சிக் கல்வி வந்தது. பட்டணத்துப் பிள்ளை பார்க்கிற பாடத்தைத் தோட்டத்துப் பிள்ளையும் பார்க்கும் என்றார்கள். நான் படித்த பள்ளிக்கும் ஒரு பெட்டி வந்தது. மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர்தான். எண்ணெய் வாங்கப் பணம் இருந்த வாரம் படம் தெரியும். இல்லாத வாரம் பெட்டிக்குப் பூப்போட்ட துணி போட்டு மூடி வைத்திருப்பார் தலைமையாசிரியர். துணியைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம்.

அதனால் இப்போது இயங்கலை என்றதும் எனக்கு அந்தத் துணி ஞாபகம் வருகிறது. சிக்கு சொன்ன பஸ் பிரச்சினைக்கு மருந்து பஸ்தானே? மாநிலத்திடம் ஒரு வேன் கேளுங்கள். மாலை நாலு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரட்டும். ஆசிரியர் நேரில் நிற்கட்டும். பணத்தைத் திரையில் போடாமல் சக்கரத்தில் போடச் சொல்லுங்கள்.

---

லயத்துப்பிள்ளை | திங்கள், இரவு 9.02

ஐயா, உங்களை ஒதுக்க மாட்டோம். வேன் கோரிக்கையும் மனுவில் போகும், உறுதி. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வேன் வந்தால் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். இலக்கிய ஆசிரியர் எங்கிருந்து வருவார்? இரண்டு பிள்ளைகளுக்கு?

---

பெர்ஜுந்தை_மிச்சிகன் | செவ்வாய், காலை 7.30

எல்லாருக்கும் வணக்கம். நான் பெர்ஜுந்தையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பதினாறு வருஷமாக அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறேன். மகன் உயர்நிலைப்பள்ளியில் படிக்கிறான். அவன் பள்ளியில் சொல்லித்தராத ஒரு பாடத்தை மாநில இயங்கலைத் திட்டத்தில் எடுக்கிறான், அதனால் இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இங்கே கல்வி மாநிலத்தின் கையில் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தொடங்கியது. முதலில் பெரிதாக வளர்ந்தது ஃபுளோரிடா. 1997இல் 2 லட்சம் டாலர் மானியத்தோடு தொடங்கினார்கள். சிறிய ஊர்ப் பள்ளிகளில் இல்லாத பாடங்களைக் கொடுப்பதுதான் அதன் முக்கியமான வேலையாக இருந்தது. நீங்கள் கேட்பதும் அதேதான். வட கரோலினா 2007இல் தொடங்கியது. மிச்சிகன் 2006இல் ஒரு படி மேலே போய், உயர்நிலைப்பள்ளி முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு இயங்கலைக் கற்றல் அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான்.

இவ்வளவு செய்தும் நிலைமை என்ன தெரியுமா? மிச்சிகனில் 2017-18இல் மாணவர்கள் எடுத்த இயங்கலைப் பாடங்களில் தேர்ச்சி 55 விழுக்காடுதான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அதையும் விடக் குறைவு. ஐயா சொன்ன துணி இங்கேயும் இருக்கிறது.

எது வேலை செய்தது என்று பார்த்தால், இரண்டு விஷயம். ஃபுளோரிடாவில் ஆசிரியர் மாதாமாதம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும், பெற்றோரிடமும் பேச வேண்டும். அது அவர் வேலையில் ஒரு பகுதி. இங்கே மிச்சிகனில், இயங்கலைப் பாடம் எடுக்கிற பிள்ளைக்கு அவன் பள்ளியிலேயே ஒரு வழித்துணையாளரை நியமிக்க வேண்டும் என்பது சட்டம். அவர் பாடம் நடத்துவதில்லை. என் மகனுக்குப் பள்ளி நூலகர்தான் வழித்துணை. புதன்கிழமை தோறும் அவனைக் கூப்பிட்டு, எந்த அலகில் நிற்கிறாய், எதை ஒப்படைக்கவில்லை, திறந்து காட்டு என்பார். அந்த அம்மாவுக்கு அவன் எடுக்கும் பாடம் ஒரு வரிகூடத் தெரியாது. ஆனால் அவர் விடுப்பில் இருந்த மூன்று வாரத்தில் அவன் நான்கு பயிற்சிகளை விட்டுவிட்டான். வீட்டில் நான் இருந்தும்தான்.

லயத்துப்பிள்ளை, செவ்வாய் வியாழன் இரவில் நீங்கள் செய்கிற வேலைக்கு இங்கே சட்டத்தில் பெயர் இருக்கிறது. அதை மனுவின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

---

படிவம்5_பிள்ளை | செவ்வாய், மாலை 5.15

அக்கா, அங்கிள், டீச்சர் எல்லாருக்கும் வணக்கம். நான் அந்த மண்டபத்துக்கு வருகிற பிள்ளைதான். அக்காவுக்கு என்னைத் தெரியும். எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார்.

காணொளி கெட்டது என்று சொல்ல மாட்டேன். கூடுதல் கணிதத்துக்கு நான் நிறையப் பார்க்கிறேன். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படிப் போனார்கள் என்று புரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறேன். பத்து முறை பின்னால் போட்டாலும் அவர் அதையேதான் சொல்வார்.

போன வருஷம் ஓர் ஆசிரியர், என் தோழிக்குத் தெரிந்தவர், என் செய்முறையைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பச் சொன்னார். நான் பன்னிரண்டு படம் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து நாலு நிமிடக் குரல் பதிவு வந்தது. "ஏழாவது படத்தைப் பாரும்மா, அங்கே மைனஸை விட்டுட்ட, மற்றதெல்லாம் சரி" என்றார். அதற்கு முன்னால் நான் எனக்குக் கணக்கே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மைனஸ்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமராவைப் போடு போடு என்று கட்டாயப்படுத்த வேண்டாம் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் பின்னால் துணிக்கொடி, தம்பி சட்டையில்லாமல் ஓடுவான், பாட்டி படுத்திருப்பார். போன முறை ஒரு வகுப்பில் பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரிந்தது. நான் கேமராவை மூடிவிட்டேன். ஆசிரியர் நான் வரவில்லை என்று குறித்துக்கொண்டார். மண்டபத்தில் என்றால் பரவாயில்லை, எல்லாருக்கும் பின்னால் ஒரே சுவர்தான்.

---

லாரி_அப்பா | செவ்வாய், இரவு 8.50

பிள்ளை, நல்லா எழுதினே அம்மா. அந்தச் சுவருக்கு நானே வெள்ளை அடித்துத் தருகிறேன்.

---

கம்பித்_தம்பி | செவ்வாய், இரவு 11.10

நான் இணைய இணைப்பு வேலையில் இருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கேமரா விஷயத்தில் தங்கச்சி சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

எல்லாரும் கேமராவைப் போட்டு ஒரு மணி நேரம் வகுப்பு நடத்தினால் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 1 ஜிபி போகும். வாரம் நாலு வகுப்பு என்றால் மாதத்துக்கு 16 ஜிபி. ப்ரீபெய்ட் போடுகிற வீட்டுக்கு அது பெரிய சுமை. அதே வகுப்பில் ஆசிரியர் குரலும் எழுதுபலகையும் மட்டும் போனால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மண்டபத்தில் பதினோரு பேரும் ஒரே பெரிய திரையைப் பார்த்தால் ஒரு ஆள் கணக்குத்தான். ஆகவே திட்டத்தைத் தொடக்கத்திலேயே மெலிந்த லைனுக்கு வடிவமைக்கச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் உட்கார்ந்து ஃபைபரில் சோதித்துப் பார்த்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்பார்கள். சோதனையைத் தோட்டத்தில், மழை பெய்கிற இரவில் செய்ய வேண்டும்.

இணைய இணைப்பை மேம்படுத்தும் ஜெண்டேலா திட்டம் 2020இல் வந்த பிறகு நிறைய இடத்தில் நிலைமை முன்னேறியிருக்கிறது. 2021 கடைசியில் 3ஜியை மூடி 4ஜிக்கு மாற்றினார்கள். ஆனால் செம்பனை அடர்ந்த பள்ளத்தில் கோபுரம் பக்கத்தில் இருந்தாலும் லைன் மோசமாகத்தான் இருக்கும். மண்டபத்துக் கூரையில் வெளி ஆன்டெனா ஒன்றைக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தால் இரண்டு கோடு நாலு கோடாகும். சனிக்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன்.

அப்புறம், பழைய இணைய மையங்கள் பெடி என்று மாறி இப்போது நாடி என்ற பெயரில் இருக்கின்றன. அவற்றைத் திட்டத்தின் வகுப்பறைகளாகப் பயன்படுத்தலாம். ஆனால் இரவு வகுப்புக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். இதை மனுவில் தனியாகக் கேட்க வேண்டும்.

---

பழைய_தோட்டம் | புதன், காலை 6.45

ராத்திரி முழுவதையும் படித்தேன். மிச்சிகன் பிள்ளை சொன்ன வழித்துணை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆள் இருந்தால் சரி. எங்கள் பள்ளியிலும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு மாதம் நாலு காசு கொடுத்திருந்தால் அந்தப் பெட்டி ஓடியிருக்கும்.

ஆனால் ஒரு கேள்வி. அமெரிக்காவில் கல்வி மாநிலத்தின் கையில். நம் நாட்டில் கூட்டரசின் (மத்திய அரசின்) கையில், அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. மாநில அரசு பள்ளிக்குள் கால் வைக்க முடியாதே. மனுவைப் பார்த்துவிட்டு, இது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினால்?

---

சிக்கு_தமிழ் | புதன், மாலை 3.40

ஐயா கேட்டது சரியான கேள்வி. பள்ளி நேரத்துக்குள், பள்ளிக் கால அட்டவணைக்குள் என்று கேட்டால் திருப்பித்தான் அனுப்புவார்கள். ஆனால் பள்ளி நேரத்துக்கு வெளியே சிலாங்கூர் அரசு ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. எஸ்.பி.எம். எழுதுகிற வசதி குறைந்த பிள்ளைகளுக்காக மக்கள் டியூஷன் திட்டத்தை மாநில நிதியில் நடத்துகிறார்கள். ஆகவே அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிற அந்தத் திட்டத்தோடு, சிறு எண்ணிக்கைப் பாடங்களுக்கு மாநிலம் தழுவிய இரவு வகுப்பு என்று ஒரு கிளையைச் சேர்க்கச் சொல்லலாம். புதிய திட்டம், புதிய அலுவலகம், புதிய சின்னம் எதுவும் தேவைப்படாது.

பள்ளிப் பிள்ளைகள் தேர்வைப் பள்ளி வழிதான் எழுத வேண்டும். இலக்கியத்தைப் பாடமாகப் பதிவு செய்யப் பள்ளி முதல்வர் சம்மதிக்க வேண்டும். அதற்கு மாநிலக் கல்வி இலாகாவின் கடிதம் ஒன்று இருந்தால் பெற்றோர் அலைய வேண்டியிருக்காது. மனுவின் ஒரு நகல் இலாகாவுக்கும் போகட்டும்.

---

லயத்துப்பிள்ளை | புதன், இரவு 9.30

டீச்சர், இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

வழித்துணைக்கு ஆள் எங்கே என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டார்கள். நம் ஊரிலேயே யுனிசெல் வளாகம் இருக்கிறது. மாநில அரசின் பல்கலைக்கழகம். அங்கே படிக்கிற பிள்ளைகள் வாரம் இரண்டு இரவு ஒரு மண்டபத்தில் உட்கார மாட்டார்களா? பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் மாநிலம் கொடுக்கட்டும். வளாகம் இல்லாத ஊரில் எஸ்.டி.பி.எம். (படிவம் 6 தேர்வு) முடித்து வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும் மாதப்படி கொடுக்க வேண்டும் என்று எழுதுகிறேன். தொண்டு என்று சொல்லி இழுத்தால் ஆறு மாதத்தில் ஆள் நிற்காது. மண்டபத்திலேயே அது நடந்திருக்கிறது. மூன்று பேராகத் தொடங்கினோம், இப்போது நான் மட்டும்தான்.

---

பெர்ஜுந்தை_மிச்சிகன் | வியாழன், காலை 6.50

பணம் என்றதும் இன்னொன்று. ஃபுளோரிடாவில், பிள்ளை பாடத்தை வெற்றிகரமாக முடித்தால்தான் அந்தப் பள்ளிக்கு அரசு பணம் கொடுக்கும். எத்தனை பேர் பதிந்தார்கள் என்பது கணக்கில் வராது. இதை நம் மனுவில் வைத்தால் கடவுச்சொல் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது, இல்லையா?

---

சிக்கு_தமிழ் | வியாழன், மாலை 4.20

மிச்சிகன் அக்கா, மன்னிக்க வேண்டும், இதில் நான் ஒத்துப்போகவில்லை. தேர்ச்சிக்குப் பணம் என்றால் என்ன நடக்கும் என்று வகுப்பறையில் இருப்பவருக்குத் தெரியும். தேறுவான் என்று தோன்றுகிற பிள்ளையை மட்டும் சேர்ப்பார்கள். முதல் தேர்வில் 30 புள்ளி வாங்கிய பிள்ளையிடம், உனக்கு இந்தப் பாடம் வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி அனுப்புவார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் அந்த 30 புள்ளியில் இருப்பவர்கள். புகுமுக வகுப்பில் (தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறும்போது மலாய்மொழிக்காகப் போடும் வகுப்பு) ஒரு வருஷம் இருந்துவிட்டு மேலே ஏறி வந்தவர்கள்.

---

பெர்ஜுந்தை_மிச்சிகன் | வியாழன், இரவு 7.15

சரிதான். அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. அப்படியானால் கடைசி வகுப்பு வரை உட்கார்ந்தவர் எத்தனை பேர், தேர்வு எழுதியவர் எத்தனை பேர், இந்த இரண்டு எண்ணையும் ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும் என்று மட்டும் கேட்கலாமா? முதல் நாள் பதிந்தவர் எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

---

சிக்கு_தமிழ் | வியாழன், இரவு 7.40

அது சரி. கூடவே ஒரு வகுப்புக்கு 25 பேருக்கு மேல் கூடாது என்பதையும் சேருங்கள். முந்நூறு பேரை ஒரே அறையில் சேர்த்து ஒருவர் பேசிக்கொண்டே போவதை நான் வகுப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு படம் அனுப்புகிற பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

---

பழைய_தோட்டம் | வியாழன், இரவு 8.05

என் பெயரையும் மனுவில் போடுங்கள். வேனையும் மறக்காதீர்கள். மண்டபத்துக்கு வர உள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது வேண்டும். அந்தப் பாதையில் விளக்கு இல்லை, பெண் பிள்ளைகளை இரவு பத்து மணிக்கு மோட்டாரில் தனியாக அனுப்ப எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

---

லயத்துப்பிள்ளை | வெள்ளி, இரவு 10.20

இன்று உட்கார்ந்து மனுவைத் திருத்தி எழுதினேன். மொத்தம் இரண்டு பக்கம். சுருக்கமாக இங்கே வைக்கிறேன், விட்டுப்போனது இருந்தால் நாளைக் காலை ஒன்பதுக்குள் சொல்லுங்கள்.

முதல் பத்தியில், மண்டபமும் வழித்துணையாளரும். ஒவ்வொரு தோட்டத்து ஊரிலும் இரவு ஏழரை முதல் பத்து வரை திறந்திருக்கும் ஓர் இடம், அதில் மாதப்படி வாங்குகிற ஒருவர், ஒரு பெரிய திரை, நல்ல லைன். இரண்டாவதில் பாடங்கள்: தமிழ் இலக்கியம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல். பள்ளியில் ஏற்கெனவே நன்றாக நடக்கிற பாடத்தை முதல் ஆண்டில் தொட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். வகுப்பு எட்டரைக்கு, நேரலையாக, 25 பேருக்குள். பதிவும் இருக்கும், வர முடியாத பிள்ளைக்கு. கேமரா கட்டாயம் இல்லை. ஆசிரியர் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் பேசுவார், தமிழிலும் பேசலாம். டெலிமா கணக்கு வழியே நுழைவு. மக்கள் டியூஷன் திட்டத்தின் கிளையாக நிதி. மூன்று எண்கள் ஆண்டுதோறும். வேன்.

லாரி அண்ணன் வீட்டு மைலோ டின்னைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை. வேண்டாம் என்றால் சொல்லுங்கள் அண்ணே, எடுத்துவிடுகிறேன்.

மாநிலம் பதில் சொல்ல எத்தனை மாதம் ஆகுமோ. எஸ்.பி.எம். காத்திருக்காது. சிக்கு டீச்சர் தன் தோழி ஒருவரிடம் பேசியிருக்கிறார், கிள்ளானில் இலக்கியம் கற்பிப்பவர். வருகிற செவ்வாய் இரவு எட்டரைக்கு நம் மண்டபத்துத் திரையில் ஒரு மணி நேரம் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஈஜோக்கிலிருந்து இரண்டு பிள்ளைகளும் இணைகிறார்கள். தம்பி நாளைக்கு ஆன்டெனா பார்க்க வருகிறார்.

---

லாரி_அப்பா | வெள்ளி, இரவு 10.55

இருக்கட்டும் தங்கச்சி, எடுக்க வேண்டாம். பெரியவளிடம் படித்துக் காட்டினேன், அவளும் சரி என்றாள். செவ்வாய்க்கிழமை சின்னவளைக் கூட்டிக்கொண்டு அவளே வருகிறாள். வேலை ஆறு மணிக்கு முடிந்துவிடும், வாரத்தில் ஒரு இரவு மண்டபத்தில் தான் உட்காருவதாகச் சொல்கிறாள்.

ஏணி என்னிடம் இருக்கிறது. தம்பி எத்தனை மணிக்கு வருகிறார்?

---

கம்பித்_தம்பி | வெள்ளி, இரவு 11.05

ஒன்பது மணிக்கு அண்ணே. கூரை தகரமா ஓடா?

---

லாரி_அப்பா | வெள்ளி, இரவு 11.08

தகரம்.

---

படிவம்5_பிள்ளை | வெள்ளி, இரவு 11.30

அக்கா, செவ்வாய்க்கிழமைக்கு இலக்கியப் புத்தகம் எங்கள் இரண்டு பேரிடமும் சேர்த்து ஒன்றுதான் இருக்கிறது. ஈஜோக் பிள்ளைகளிடமும் இல்லையாம். நான் முதல் இருபது பக்கத்தைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பட்டுமா?

---

லயத்துப்பிள்ளை | வெள்ளி, இரவு 11.34

அனுப்பும்மா. பக்க எண் தெரிகிற மாதிரிப் பிடி.